ஒன்பது மணிக்குள் நானூறு கிராம்

காலை ஏழு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு, விக்கிரவாண்டியைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில், எங்கள் வண்டி தளர்ந்தது. நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. நிற்பது வேறு. இது ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த வேகம் குறைவது. அறுபதில் போனது நாற்பதானது, நாற்பது இருபதானது. எங்களைத் தாண்டி ஒரு டிராக்டர் போனது. அதை ஓட்டியவர் எங்களையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அன்று காலை நான் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. என் மகள் பளு தூக்குகிறவள். பன்னிரண்டாம் வகுப்பு. திண்டிவனத்தில் அன்று மாவட்ட அணிக்குத் தேர்வு. நாற்பத்தொன்பது கிலோ எடைப்பிரிவில் அவள் பெயர் கொடுத்திருந்தாள். பளுவைத் தூக்குவதற்கு முன்னால் தூக்குகிறவரின் எடையைப் பார்ப்பார்கள். நாற்பத்தொன்பதுக்கு மேல் ஒரு சிட்டிகை இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். எடை பார்க்கும் மிஷினைச் சரியாக ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள் என்று அவளுடைய மாஸ்டர் மூன்று முறை போன் செய்து சொல்லியிருந்தார். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், பெரியவர்கள் பிரிவுக்குப் போய்விடுவாள். அங்கே அவளை யாரும் சீந்தமாட்டார்கள். மூன்று வருடங்களாக விடியற்காலையில் எழுந்து போனது இந்த ஒரு காலைக்காகத்தான்.

எங்கள் ஊர் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு. அதில் போவதாகத்தான் இருந்தாள். நான்தான் விடவில்லை. முந்தின நாள் மதியத்திலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதோடு முந்தின நாள் அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போன கூட்டம் முழுக்கத் திரும்பிக்கொண்டிருக்கும், பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது, நின்றபடியே மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்றெல்லாம் எனக்கு ஓடியது. "வண்டியிலயே போயிடலாம், நிம்மதியா" என்றேன். வேலை விஷயமாக வெளியூரில் இருந்த என் கணவரிடம் போனில் இதைச் சொன்னபோது, அவர் "நம்ம வண்டியிலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு மறுநாள் ஏழு இருபத்திரண்டுக்குத்தான் விளங்கியது.

வண்டி என் மகளைவிட வயதில் மூத்தது. மூன்றாம் கையாக வாங்கிய கார். ஊருக்குள் எவ்வளவு ஓட்டினாலும் ஒன்றும் செய்யாது. பள்ளிக்கூடம், மார்க்கெட், திருவாமாத்தூர்க் கோயில் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் போய்வரும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொடர்ந்து ஓட்டினால் மட்டும் தூக்கம் வந்துவிடும். மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவர் பம்ப்பை மாற்றினார், ஒருவர் பிளக்கை மாற்றினார். மூன்றாமவர் எதையும் மாற்றாமல், "வயசாயிடிச்சி டீச்சர், நம்மள மாதிரிதான்" என்றார். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

ஓரமாக நிறுத்திக் கணவருக்குப் போன் செய்தேன்.

"பானெட்டத் தொற. பம்ப்பு மேல ஈரத் துணி போடு."

போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

"பெட்ரோல் இருக்குதான்னு பாத்தியா?"

"நேத்துதான் போட்டேன்."

"நேத்து போட்டதுன்னா இன்னிக்கி இருக்கும்னு என்ன நிச்சயம்? குச்சி வுட்டுப் பாரு."

எங்கள் வண்டியில் பெட்ரோல் முள் பல வருடங்களாகப் பாதியிலேயே நிற்கிறது. நிரப்பினாலும் பாதி, தீர்ந்தாலும் பாதி. அதனால் ஒரு துடைப்பக் குச்சி வைத்திருக்கிறோம். மூடி இறுகிப் போயிருந்தது. முந்தானையைச் சுற்றித் திருகினேன். புஸ்ஸென்று திறந்தது. குச்சி பாதிக்குமேல் நனைந்து வந்தது. பெட்ரோல் இருந்தது.

"நான் தள்றேன்மா, நீ உக்காரு" என்று மகள் பின்னால் போய்விட்டாள். வேண்டாம், தெம்பு போய்விடும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்தது. இருபது அடிகூடத் தள்ளியிருக்கமாட்டாள், உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஓடிவந்து ஏறிக்கொண்டு, தன் புஜத்தைத் தானே தட்டிக் காட்டினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஏழு நாற்பத்திரண்டு.

எட்டு மணிக்கு மறுபடியும் தளர்ந்தது. கூட்டேரிப்பட்டுக்கு நாலைந்து கிலோமீட்டர் இருந்தது. இந்த முறை அவள் யாரையும் கேட்கவில்லை. இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். இருபது அடி, ஐம்பது அடி, இரண்டு புளியமரத்துக்கு நடுவில் இருக்கும் தூரம். வண்டி செருமியதே தவிரப் பிடிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். முகம் சிவந்து, வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிரேக்கைப் போட்டு இறங்கி, தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன்.

"ஒரு வாய் குடி."

"வேணாம்மா."

"மயங்கி விழுந்துடுவடி."

"அம்மா, நான் நானூறு கிராம் ஜாஸ்தி."

எனக்குப் புரியவில்லை. அவள் மூச்சு வாங்கியபடி சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் மல்லாட்டை மண்டிக்குப் போய், நிலக்கடலை மூட்டை போடும் மின்தராசில் ஏறி நின்றிருக்கிறாள். நாற்பத்தொன்பது நானூறு காட்டியிருக்கிறது. என்னிடம் சொன்னால் நான் இரவெல்லாம் தூங்கமாட்டேன் என்று சொல்லவில்லை. காலையில் குளிக்கும்போதுகூடத் தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லையாம், ஈர முடி எடை கூடும் என்று.

"அதனாலதான் தள்றேன். வேர்க்கணும். நீ பிரேக் போடாத, சும்மா உக்காந்துக்கினு வா."

பெற்றவளாக என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் குடி என்று கெஞ்சினால் அவளுடைய மூன்று வருடம் போகும். தள்ளு என்று விட்டால் பிள்ளையே போய்விடும்போல் இருந்தது. பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வண்டியின் கூரைமேல் வைத்தேன். கணவருக்குப் போன் செய்தேன். அவர் பழையபடி ஈரத் துணியில் ஆரம்பித்துக் குச்சியில் முடித்தார். மூடியைத் திறந்தேன், புஸ்ஸென்றது, குச்சி நனைந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து கண்ணை மூடி, மேல்மலையனூர் இருக்கும் திசை என்று நான் நினைத்த பக்கம் திரும்பி, அங்காளம்மா, அடுத்த அமாவாசைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது.

"பாத்தியா?" என்றேன்.

"நான் தள்ளினதுல சூடாயிருந்திச்சிமா" என்றாள்.

கூரைமேலிருந்த பாட்டில் பின்னால் எங்கேயோ உருண்டு போனது. இருவரும் சிரித்தோம். கூட்டேரிப்பட்டு வந்தது. நிறுத்தத்தில் திண்டிவனம் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. "அம்மா, நிறுத்து. நான் பஸ்ஸில போயிடறேன், பதினஞ்சு நிமிஷம்தான்" என்றாள். அப்போது மணி எட்டு இருபத்தாறு. வண்டி பட்டுப்போல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அம்மன்மேல் நம்பிக்கை பொங்கிக்கொண்டிருந்தது. "இப்ப எதுக்கு பஸ்ஸு" என்று சொல்லி அந்த பஸ்ஸைத் தாண்டிப் போனேன். தாண்டும்போது ஹாரன்கூட அடித்தேன்.

எட்டு முப்பத்தாறுக்கு, திண்டிவனம் எட்டு கிலோமீட்டர் என்று எழுதியிருந்த பலகைக்கு நேராக, வண்டி தளர்ந்து நின்றது. நாங்கள் தாண்டிவந்த பஸ் எங்களைத் தாண்டியது. கையைக் காட்டினோம். நெடுஞ்சாலையின் நடுவில் எந்த பஸ் நிற்கும்? டிரைவர் பதிலுக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியாது. அடக்க அடக்க வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தேன், கண்ணீர் வரும் வரைக்கும். மகள் முதலில் முறைத்தாள். அப்புறம் "அம்மா, அழுவுறியா சிரிக்கிறியா, ஒண்ணு பண்ணு" என்றாள். எனக்கு இன்னும் சிரிப்பு கூடியது. அவள் சாலையோரம் இறங்கி நின்று, அங்கேயே குதிக்க ஆரம்பித்தாள். குதித்துக்கொண்டே போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் கையை ஆட்டினாள்.

நின்றது ஒரு குட்டியானை. சாமான் ஏற்றும் சின்ன வண்டி. பின்னால் தார்ப்பாய் கட்டி, அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மஞ்சள் துணியும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தார்கள். கிளியனூர்க்காரர்கள். மேல்மலையனூரில் இரவு தங்கிவிட்டுத் திண்டிவனம் வழியாக ஊர் திரும்புகிறார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது மணிக்குள் போகவேண்டும் என்பதை மட்டும் நான்கு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

டிரைவர் சீட்டில் இருந்தவர் கீழே இறங்கிப் பின்டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். "ஏத்திக்கலாம். ஆனா ஒரு ஆள் ஏறுனா ஒரு ஆள் எறங்கணும்மா. டயரு ஏற்கெனவே படுத்துக்கினு கீது."

"நா எறங்குறேன்" என்று தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு குரல். என் வயதிருக்கும் ஒரு பெண், பருத்த உடம்பு. இரண்டு பேர் கைகொடுக்க இறங்கினார். "என் எடத்துல இந்தப் பொண்ணு மாதிரி ரெண்ட ஏத்தலாம். போங்க, நா இந்த அக்காகூட வர்றேன்."

"இந்த வண்டி போனாத்தான அண்ணி?" என்றார் டிரைவர்.

"போவலன்னா நீ திரும்பி வா. இன்னா இப்ப?"

மகள் ஏறிவிட்டாள். யாரென்றே தெரியாதவர்களோடு என் பெண் போகிறாள், அவளுடைய போன் என் வண்டியில் கிடக்கிறது. வண்டி எண்ணை மனப்பாடம் செய்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதக்கா. அவ எங்ககிட்ட பத்திரமா கீறா, நா ஒங்கிட்ட பத்திரமா கீறேன்" என்றார். பணயம் மாற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. நானும் அவரை அக்கா என்றேன். இருவரில் யார் அக்கா என்று கடைசிவரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

"பெட்ரோல் கீதா?" என்றார்.

"இருக்குதுக்கா. ரெண்டு தடவ பாத்தேன்."

"நா ஒரு வாட்டி பாக்கறேன்" என்று நேராக மூடியைப் பிடித்துத் திருகினார். புஸ்ஸென்றது. அவர் தலையைச் சாய்த்தார். திரும்ப மூடினார், திரும்பத் திறந்தார். இரண்டாம் முறை சத்தம் வரவில்லை.

"யக்கா, இது மூச்சு இழுக்குது."

"எது?"

"டாங்கிதான். எங்க மல்லாட்டைக்கு மருந்தடிக்கிற மிஷினு இப்பிடித்தான் பண்ணும். கால் மணி நேரம் ஓடும், அப்பால மக்கர் பண்ணும். மூடில ஒரு ஓட்டை இருக்கும், அதுல மண்ணு அடைச்சிக்கினா காத்து உள்ள போவாது. காத்து போவலன்னா பெட்ரோல் எப்படிக் கீழ வரும்?" மூடியைத் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாக்கா, சந்தனமா?"

சந்தனம்தான். நான் வைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குப் பொட்டு வைப்பேன். நான்கு சக்கரம், ஸ்டியரிங், பானெட், கடைசியாகப் பெட்ரோல் மூடி. அதன் நடுவில் வாகாக ஒரு சின்னக் குழி இருக்கும். பொட்டு வைப்பதற்காகவே செய்தமாதிரி இருக்கும். வண்டிக்குச் சாப்பாடு போகிற வாய் என்று அந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக அப்புவேன். பழைய சந்தனத்தைத் துடைக்காமல் மேல்மேலாக வைத்ததில் அது சுண்ணாம்புபோல் இறுகிக் கல்லாகியிருந்தது.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். காற்றழுத்தம் என்ற பாடத்தில், எண்ணெய் டின்னில் ஏன் இரண்டு ஓட்டை போடவேண்டும் என்று வருடா வருடம் ஒரு டின்னை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுவேன். ஒரு ஓட்டையை விரலால் மூடினால் எண்ணெய் நிற்கும், விரலை எடுத்தால் விழும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதையெல்லாம் இந்த அக்காவிடம் சொல்லவில்லை. மகள் தள்ளியதும், நான் வேண்டியதும், கணவரின் ஈரத் துணியும் அல்ல, குச்சி விடுவதற்காக நான் மூடியைத் திறந்ததுதான் இரண்டு முறையும் வண்டியைக் கிளப்பியது என்பதை மட்டும், நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, ஒரு மாணவியைப்போல் கேட்டுக்கொண்டேன்.

அவர் வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் குத்திக் குத்திச் சந்தனத்தைப் பெயர்த்தார். கையளவு வந்தது. "வாசனை இன்னும் போவல பாரு" என்று எனக்கும் மோந்து பார்க்க நீட்டினார். வாயை வைத்து ஊதினார். "இப்பப் போடு."

வண்டி ஓடியது. அத்தனை வருடத்தில் அது அப்படி ஓடியதே இல்லை. அக்கா சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் யாரோ வழி விடாமல் போக, "ஏய், ஒத்திப் போய்யா, டீச்சர் வர்றாங்க" என்றார். நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பேனா குத்திக்கினு கீறியே ஜாக்கெட்டுல" என்றார். அந்த அவசரத்திலும் பேனாவை எடுத்துக் குத்தியிருக்கிறேன்.

நாங்கள் அந்த உள்விளையாட்டு அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது பதினொன்று. கதவு மூடியிருந்தது. பெற்றோருக்கு அனுமதி இல்லை என்றார் காவலாளி. ஆனால் குட்டியானை வாசலிலேயே நின்றிருந்தது. யாரும் ஊருக்குப் போகவில்லை. எல்லாரும் இறங்கி வேலியோரம் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எறக்கி வுட்டாச்சிம்மா. மூணு நிமிஷம் இருந்துச்சி" என்றார் டிரைவர். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒம் பொண்ணு மேல அம்மா எத்தினி வருசமா வர்றா?"

"எந்த அம்மா?"

அப்போதுதான் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். பொங்கல் கொடுத்தார்களாம், வாங்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்களாம், தொடவில்லை. விரதம் என்று புரிந்துகொண்டார்கள். திடீரென்று எழுந்து, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே குதிக்க ஆரம்பித்தாளாம். வியர்வை ஆறாக ஓடியதாம். மேல்மலையனூரிலிருந்து தாய் கூடவே வந்துவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

"இந்த வருசம் மல்லாட்டைக்கு வெல கெடைக்குமா தாயேன்னு கேட்டேன்" என்றார் ஒரு பெரியவர். "கெடைக்கும், வண்டிய வேகமா ஓட்டச் சொல்லுங்கன்னிச்சி."

"அதான் ஒரே அழுத்து" என்றார் டிரைவர். "தாயே சொன்னப்பறம் இன்னா டயரு."

எடை இறக்கத்தான் குதித்தாள் என்று சொன்னால், மல்லாட்டை விலையைப் பற்றி நான் வேறு ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கும்.

"எறங்கும்போது நெத்தியில குங்குமம் வெச்சி, கோயில் எலுமிச்சம்பழம் ஒண்ணு கையில குடுத்தோம், பையிலயும் ஒண்ணு போட்டோம்" என்றார் பெரியவர்.

ஒரு எலுமிச்சம்பழம் எத்தனை கிராம் இருக்கும்? அதைப் பிடித்துக்கொண்டே மிஷினில் ஏறினால்? பாண்ட் பையில் மறந்துபோய் வைத்திருந்தால்? கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கிராமில் கணக்குப் போட ஆரம்பித்தேன். குங்குமம் எவ்வளவு, நெற்றி நிறையத் திருநீறு எவ்வளவு, ரப்பர் பேண்டு எவ்வளவு. அக்கா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்களில் சந்தனமும் பெட்ரோலும் கலந்து வாசம் அடித்தது.

அந்தக் காலையின் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் அந்தச் சாலையில் போகும்போது, விக்கிரவாண்டி தாண்டியதும் என் வலது பாதம் தானாக எச்சரிக்கையாகிவிடுகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. எனக்குத்தான் நடுவழியில் சக்தி போகிறது.

ஒன்பது இருபதுக்குக் கதவு திறந்தது. சீருடை போட்ட இரண்டு பெண்கள் அழுதுகொண்டே வந்தார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அதன்பின் கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. கிளியனூர்க்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன்.

அப்புறம் என் மகள் வந்தாள். நெற்றி குங்குமம் வியர்வையில் மூக்குவரை வழிந்திருந்தது, உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. பெரியவர் இரண்டு கையையும் கூப்பினார். அவள் யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னிடம் வந்தாள்.

"நூறு கிராம் கம்மியாவே கீறேன்மா" என்றாள். "தண்ணி குடு."